கைக்கு எட்டாத இடம்

நெடுநாள் நோயாளி படுத்திருக்கும் இல்லத்திற்குள் நாம் நுழையும்போது முதலில் நம் காதில் விழுவது நோயாளியின் குரல் அன்று. சுற்றி நிற்போரின் குரலே. "என்ன வியாதி என்றே தெரியவில்லை, சுவாமி. காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை, ஆனால் எழுந்து நடமாடச் சக்தி இல்லை" என்பர் சிலர். "எல்லாம் பார்த்தாகிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்பர் வேறு சிலர். அடுக்களைப் பக்கம் அழைத்துச் சென்று, "எல்லாம் சோம்பல்தான், சுவாமி" என்று தாழ்ந்த குரலில் சொல்வோரும் உண்டு. இம்மூன்றும் படுத்திருப்பவரின் செவிக்கு எட்டாமல் இருப்பதில்லை.

இத்தகைய நெடுநாள் பலவீனத்திற்கென்றே சீன தேசத்துப் பழைய வைத்தியர்கள் மனித உடலில் ஓர் இடத்தைக் குறித்து வைத்திருக்கின்றனர். ஊசி குத்தியும், மூலிகையால் சூடு காட்டியும் நோய் தீர்க்கும் அவர்களது வைத்திய முறையை இன்று அக்குபங்சர் என்ற பெயரால் உலகம் அறியும். அம்முறையில் காவ்ஹுவாங் என வழங்கும் அவ்விடத்தின் வரலாறு ஏறத்தாழ 2600 ஆண்டுகள் நீண்டது. அதனை இத்திங்கள் நம் குடும்பங்களுக்குக் கூற விழைகிறோம். வீட்டிலேயே ஊசி குத்திக் கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக அன்று. அவ்வரலாறு நோயாளியைப் பற்றியும், நோயாளியைச் சூழ்ந்திருக்கும் நம்மைப் பற்றியும் கூறும் செய்திக்காகவே.

கதை ஓர் அரசனிடம் தொடங்குகிறது. கி.மு. 581ஆம் ஆண்டு. சீன தேசம் பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்த காலம். அவற்றுள் ஒன்றான ஜின் நாட்டை ஆண்ட ஜிங் என்னும் கோமகன் நோயுற்றான். அவனைப் பற்றிய செய்தி 'ஸுவோ ஜுவான்' என்னும் பழைய வரலாற்று நூலில் காணப்படுகிறது. தன் மரபினரைக் கொன்றதற்காகப் பழி கேட்டு வரும் ஆவி ஒன்றை அவன் கனவில் கண்டு நடுங்கினான். குறி சொல்பவன் ஒருவனை அழைத்துக் கேட்டபோது, அவ்வாண்டின் புதுக் கோதுமையை அரசன் உண்ணப் போவதில்லை என அவன் உரைத்தான். நோயோ முற்றியது. அயல்நாடாகிய சின் நாட்டிலிருந்து ஹுவான் என்னும் புகழ் பெற்ற வைத்தியரை வரவழைக்க ஆள் அனுப்பப்பட்டது.

வைத்தியர் வந்து சேருமுன் அரசன் மற்றொரு கனவு கண்டான். அவனது நோய் இரு சிறுவர்களின் வடிவில் தோன்றியது. வருகிறவர் கைதேர்ந்த வைத்தியர் ஆயிற்றே, எங்கே ஓடி ஒளிவது என ஒரு சிறுவன் அஞ்சினான். 'காவ்' என்பதற்குக் கீழும் 'ஹுவாங்' என்பதற்கு மேலும் புகுந்துகொண்டால் அவரால் நம்மை என்ன செய்ய முடியும் என்று மற்றவன் தேற்றினான். காவ் என்பது இருதயத்தின் அடியில் உள்ள கொழுப்பையும், ஹுவாங் என்பது இருதயத்திற்கும் உதரவிதானத்திற்கும் இடைப்பட்ட பகுதியையும் குறிக்கும் என்பர் உரையாசிரியர். சுருங்கக் கூறின், மார்புக்குள் மிக ஆழமான ஒரு மறைவிடம்.

வைத்தியர் வந்தார், சோதித்தார். நோய் அந்த இரண்டுக்கும் இடையே புகுந்துவிட்டது, அங்கே சூடும் செல்லாது, ஊசியும் எட்டாது, மருந்தும் போய்ச் சேராது, ஆகவே தம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று ஒளிவுமறைவின்றிக் கூறிவிட்டார். தன் கனவில் கேட்டதையே அவரும் சொல்லக் கேட்ட அரசன், அவர் சிறந்த வைத்தியரே என மெச்சி, மிகுந்த பரிசுகளோடு அவரை அனுப்பி வைத்தான்.

சில காலம் சென்றது. புதுக் கோதுமை விளைந்து வந்தது. அரசன் அதைச் சமைக்கச் சொல்லி, குறி சொன்னவனை அழைத்து உணவைக் காட்டி, அவனது வாக்கு பொய்த்தது என்று கூறி அவனைக் கொல்வித்தான். பின்பு உண்ணப் போகும் தறுவாயில் வயிறு உப்பியது. ஒதுக்கிடம் சென்றவன் அங்கேயே விழுந்து இறந்தான். அக்கோதுமை அவன் வாய்க்குள் செல்லவே இல்லை.

இக்கதையில் ஒன்றை நம் வாசகர்கள் உற்று நோக்க வேண்டும். வைத்தியரும் குறி சொன்னவனும் கூறியது ஏறக்குறைய ஒரே செய்தியைத்தான். ஒருவருக்குப் பரிசு கிடைத்தது. மற்றவனுக்கு மரணம் கிடைத்தது. நோயாளிக்குக் கசப்பான செய்தியைச் சொல்வோர் எக்காலத்திலும் இவ்விரண்டுக்கும் இடையேதான் நிற்கின்றனர். மருத்துவர் உள்ளதைச் சொன்னார் என்பதற்காக அவரை ஏசும் குடும்பங்களும் உண்டு. அவர் சொன்ன ஒரு சொல்லையே முடிந்த தீர்ப்பாகக் கொண்டு நோயாளியைக் கைவிடும் குடும்பங்களும் உண்டு.

சீன மக்கள் இரண்டாவது வழியில்தான் சென்றனர். 'நோய் காவ்ஹுவாங்கில் புகுந்துவிட்டது' என்பது அவர்கள் மொழியில் பழமொழி ஆயிற்று. இனி மீட்சி இல்லை என்ற பொருளில் அது இன்றும் வழங்குகிறது. மனிதரின் நோய்க்கு மட்டுமன்றி, சீர்கெட்டுப் போன அரசுக்கும் தீய பழக்கத்திற்கும் கூட. ஒரு வைத்தியர் ஒரு நோயாளியைக் குறித்துச் சொன்ன சொல், எல்லா நோயாளிகளுக்கும் உரிய சொல்லாக மாறிவிட்டது.

ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்குப் பின் அச்சொல்லை ஏற்க மறுத்தவர் ஒருவர் தோன்றினார். அவர் பெயர் சுன் சிமியாவ். கி.பி. 682இல் மறைந்த இவர் சிறுவயதில் நோயால் வாடியவர். அவருக்கு மருந்து வாங்கியே குடும்பத்தின் சொத்தெல்லாம் கரைந்து போயிற்றாம். அந்த அனுபவமே அவரை வைத்தியத்தின்பால் திருப்பியது. கி.பி. 652 அளவில் அவர் இயற்றிய பெருநூலின் பெயரில் 'ஆயிரம் பொன்' என்னும் சொற்கள் உள்ளன. மனித உயிர் ஆயிரம் பொன்னிலும் மதிப்பு மிக்கது என்பதால் அப்பெயர் இட்டதாக அவரே விளக்குகிறார். செல்வர் என்றும் ஏழை என்றும், உறவினர் என்றும் பகைவர் என்றும் வேறுபாடு பாராமல் வைத்தியர் எல்லாரையும் ஒன்றுபோல் நடத்த வேண்டும் என்று வலியுறுத்தியவரும் அவரே.

அந்நூலில் அவர் காவ்ஹுவாங் என்னும் இடத்தை விரிவாக விளக்குகிறார். உடல் மெலிந்து நலிந்தோர், இருமி இருமி மூச்சு மேலே இழுப்போர், நினைவு தடுமாறுவோர் ஆகியோருக்கு அவ்விடத்தில் சூடு காட்டலாம் என்கிறார். பழங்காலத்து ஹுவான் வைத்தியர் அரசனைக் காப்பாற்ற இயலாமற் போனதையும் குறிப்பிட்டு, இவ்விடத்தைச் சரியாகக் கண்டறியும் திறமை வைத்தியர்களுக்கு இல்லாமையே நாட்பட்ட நோய்கள் நீங்காமைக்குக் காரணம் எனத் துணிந்து எழுதுகிறார். எட்டாத இடம் என்று உலகம் கூறியது. தேடத் தெரியாத இடம் என்று இவர் திருத்தினார். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது அன்றோ?

அவ்விடம் எங்கே உள்ளது? முதுகெலும்பில், கழுத்துக்குக் கீழே மார்புப் பகுதியின் நான்காம் கணுவின் அடியிலிருந்து பக்கவாட்டில் மூன்று 'சுன்' தள்ளி, தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பை ஒட்டி அது அமைந்துள்ளது. வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. சுன் என்பது அங்குலம் போன்ற ஓர் அளவு. ஆனால் கடையில் விற்கும் அளவுகோலால் அதை அளப்பதில்லை. நோயாளியின் கட்டைவிரல் அகலமே ஒரு சுன். அவருடைய நான்கு விரல்களைச் சேர்த்து வைத்த அகலமே மூன்று சுன். குழந்தைக்குக் குழந்தையின் அளவு. பெரியவருக்குப் பெரியவரின் அளவு. உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட தர நூலில் 361 இடங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. கண்ணின் உள்முனையில் தொடங்கிக் கால் சுண்டுவிரலில் முடியும் சிறுநீர்ப்பைத் தடத்தில் உள்ள 67 இடங்களுள் காவ்ஹுவாங் 43ஆவது ஆகும்.

இவ்வளவு தெளிவாகக் குறித்த பின்னும் அதைக் கண்டறிவது ஏன் கடினம்? நிமிர்ந்து இயல்பாக உட்கார்ந்திருப்பவரின் தோள்பட்டை எலும்பு அவ்விடத்தை மூடிக்கொள்ளும் என்பதே காரணம். ஆகவே சுன் சிமியாவ் ஒரு முறை கற்பித்தார். நோயாளி அமர்ந்து, முதுகைச் சற்றே வளைத்து, இரு கைகளையும் முழங்கால்களுக்கு முன்னே நேராக நீட்ட வேண்டும். அப்போது தோள்பட்டை எலும்புகள் இரண்டும் விலகி நிற்கும். மறைந்திருந்த இடம் வெளிப்படும். நெடுநேரம் உட்காரச் சக்தி இல்லாதவர் துணிமூட்டையின் மேல் சாய்ந்துகொள்ளலாம். மற்றொருவர் அவரது தோள்பட்டைகளைப் பிடித்து விலக்கித் தர வேண்டும் என்றும் அவர் எழுதினார்.

அன்பு வாசகர்களே, உங்கள் கையைப் பின்னே வளைத்து அவ்விடத்தைத் தொட்டுப் பாருங்கள். உங்களில் பலருக்கு எட்டாது. எட்டினாலும் அங்கே எதையும் செய்துகொள்ள இயலாது. நெடுநாள் நலிந்தோருக்கென்று குறிக்கப்பட்ட இடம் நலிந்தவரின் கைக்கு எட்டாத இடமாகவே அமைந்திருக்கிறது. பிறர் ஒருவர் வந்து, பின்னே அமர்ந்து, விரலால் தடவித் தேடியாக வேண்டும்.

அங்கே சூடு காட்டப் பயன்படுவது நம் நாட்டு மாசிப்பத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு மூலிகை. அதன் இலைகளை உலர்த்திக் கசக்கிப் பஞ்சு போலாக்கி, சிறு சிறு கூம்புகளாகப் பிடித்துத் தோலின் மேல் வைத்துக் கொளுத்துவர். அம்மூலிகையின் ஜப்பானியப் பெயரிலிருந்தே மோக்ஸா என்ற சொல் ஐரோப்பிய மொழிகளுக்குள் சென்றது. இலை பழையதாக இருப்பது நன்று என்பர். நாட்பட்ட நோய் வந்த பின் பழைய இலையைத் தேடி அலைவதால் பயனில்லை, முன்னதாகவே சேர்த்து வைத்திருக்க வேண்டும் என்ற கருத்தை மென்சியஸ் என்னும் சீன ஞானியும் உவமையாகக் கையாண்டுள்ளார்.

ஒரு முறை எரிந்து தீரும் கூம்பை ஒரு 'ஜுவாங்' என எண்ணுவர். அச்சொல்லுக்கு வலிமை என்று பொருள். 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷென் குவோ என்னும் அறிஞர் இதற்கு ஓர் அழகிய விளக்கம் தருகிறார். இத்தனை கூம்புகள் என நூல்கள் கூறும் கணக்கு வலிமையுள்ள மனிதனை அளவாகக் கொண்டது. முதியோருக்கும் சிறுவருக்கும் நலிந்தோருக்கும் அவரவர் தாங்கும் அளவுக்குக் குறைத்தே இட வேண்டும் என்பது அவர் கருத்து. நலிந்தவரை வலியவரின் அளவுகோலால் அளக்கலாகாது என்ற நீதியை அந்தச் சிறு சொல்லே அவர்களுக்கு நினைவூட்டி வந்தது.

இவ்விடத்திற்கெனவே தனி நூல் இயற்றியவர் ஒருவர் உண்டு. அவர் தொழில்முறை வைத்தியர் அல்லர். ஜுவாங் சுவோ என்னும் அரசு அலுவலர். 1127இல் வடக்கிலிருந்து ஜுர்ச்சென் படைகள் புகுந்து சீனப் பேரரசின் வடபகுதியைக் கைப்பற்றின. எண்ணற்றோர் தெற்கு நோக்கி ஓடினர். அவ்வாறு அகதியாய் அலைந்தவருள் ஜுவாங் சுவோவும் ஒருவர். வழியில் முறைக்காய்ச்சல் அவரைப் பற்றியது. தகாத வைத்தியம் அவரை மேலும் உருக்குலைத்தது. மறு ஆண்டு வசந்தத்தின் இறுதியிலும் வயிறு உப்பி, கால் வீங்கி, மூச்சு முட்டி, உணவு செல்லாமல், கோலூன்றியே எழும் நிலையில் இருந்தார்.

அப்போது சென் என்னும் அறிஞரின் குடும்பத்தில் வழிவழி வந்த முறைப்படி அவருக்குக் காவ்ஹுவாங்கில் சூடு காட்டப்பட்டது. சில நாள்களுக்குள் ஏறத்தாழ 300 கூம்புகள். மூச்சு அடங்கியது, வீக்கம் வடிந்தது, உணவு செல்லத் தொடங்கியது. பல்லக்கில் ஏறி வெளியே சென்று பிறரைக் காணும் அளவுக்குத் தேறினார். பின்னர் மேலும் 100 கூம்புகள். படிப்படியாக முழு நலம் பெற்றார். அதே 1128ஆம் ஆண்டில் அவர் செய்த காரியமே நம் உள்ளத்தைத் தொடுகிறது. தாம் தேறியதோடு நில்லாமல், அவ்விடத்தைக் கண்டறியப் பலரும் கையாண்ட முறைகளை எல்லாம் திரட்டி, படங்களுடன் நூலாக எழுதி வைத்தார். தாம் பட்ட துன்பம் தெரியாத ஒருவருக்கும் பயன்பட வேண்டும் என்பதே அவரது எண்ணம்.

இங்கே நாம் நேர்மையோடு சிலவற்றைக் கூறியாக வேண்டும். ஒருவர் தேறினார் என்பது ஒரு சிகிச்சையின் பயனுக்கு முழுச் சான்று ஆகிவிடாது. முறைக்காய்ச்சல் சில வேளை தானாகவே தணிவது உண்டு. ஜுவாங் சுவோவும் அப்போது தகாத வைத்தியத்தை விட்டிருக்கலாம். நிழலும் உணவும் பரிவும் பெற்றிருக்கலாம். சீன நூல்கள் கூறும் தடங்களும் உடலை அறுத்துப் பார்த்துக் காட்டக்கூடிய குழாய்கள் அல்ல. சுன் சிமியாவும் சூடு காட்டியதோடு வேலை முடிந்தது என்று சொல்லவில்லை. அதன் பின் நோயாளி தம்மைப் பேணி ஊட்டம் பெற வேண்டும் என்றே எழுதினார்.

மேலும், காவ்ஹுவாங்கின் அடியில் இருப்பது நுரையீரல். அறியாத கை அங்கே ஆழமாக ஊசி செலுத்தினால் நுரையீரலின் உறை துளைபட்டு, காற்று புகுந்து, உயிருக்கே ஆபத்து நேரிடும். ஆதலால் பயிற்சி பெற்றவர் அங்கே ஊசியைச் சாய்வாகவும் மேலோட்டமாகவும் மட்டுமே செலுத்துவர். சூடு காட்டுவதிலும் தோல் வெந்து புண்ணாகலாம். உணர்ச்சி மரத்துப்போன தோலுள்ள நீரிழிவு நோயாளிகளுக்கு இது எளிதில் தீங்காக முடியும். புத்தகத்தைப் பார்த்து வீட்டில் செய்து பார்க்கும் காரியம் இது அன்று.

அனைத்திலும் முக்கியமானது ஒன்று உண்டு. பலவீனம் என்பது நோயின் பெயர் அன்று, நோயின் குரல். இரத்தசோகை, தைராய்டு சுரப்பியின் குறை, நீரிழிவு, இருதயக் கோளாறு, உள்ளச்சோர்வு எனப் பலவும் அதே குரலில் பேசும். பழைய சீன வைத்தியர்கள் காவ்ஹுவாங்கை நாடியது உருக்கி நோய்க்காகவும்தான். இருமலும் மெலிவுமாக மக்களை வாட்டிய அந்நோயில் இன்று காசநோய் எனப்படுவதும் அடங்கியிருந்தது. அதன் கிருமியை 1882இல் ராபர்ட் கோக் கண்டுபிடித்தார். அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டறியப்பட்டது. இன்று சரியான மருந்துகளைச் சேர்த்து, உரிய மாதங்கள் இடைவிடாது உட்கொண்டால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். எந்த ஊசியும் எட்டாத இடத்தில் ஒளிந்திருந்த சிறுவனை, பொறுமையாகத் தேடிய கண் ஒன்று நுண்ணோக்காடியில் கண்டுவிட்டது. அவன் இருப்பிடம் தெரிந்தபின் மருந்தும் போய்ச் சேர்ந்தது. அத்தகைய நோய் உள்ளவரை இரத்தமும் சளியும் சோதிக்காமல் முதுகில் சூடு மட்டும் காட்டிக் காலம் கடத்துவது பெரும் பிழையாகும்.

அப்படியானால் காவ்ஹுவாங்கின் வரலாற்றால் நமக்கு என்ன பயன்? பயன் உண்டு. ஒருவர் நெடுநாள் எழ முடியாமல் கிடக்கும்போது, 'எட்டாது' என்ற சொல் நம் நாவில் மிக விரைவில் வந்துவிடுகிறது. ஹுவான் வைத்தியர் சோதித்துப் பார்த்த பின்பே அச்சொல்லைச் சொன்னார். நாமோ பல வேளை பார்க்காமலே சொல்லிவிடுகிறோம். 'சோம்பல்' என்ற சொல்லோ அதனினும் கொடியது. அது நோயையும் தேடுவதில்லை, மருந்தையும் தேடுவதில்லை. காலை முதல் இரவு வரை வீட்டிற்காக உழைத்த தாய் ஒருநாள், "எனக்கு மாட்டேன் என்கிறது" என்று அமர்ந்துவிட்டால், இரத்தசோகையா என்று பார்க்க ஓர் எளிய இரத்தப் பரிசோதனை போதும். அதற்கு முன்பே அவள்மீது பழி சுமத்த நமக்கு என்ன உரிமை?

ஆகவே நம் குடும்பங்களுக்கு நாம் கூறுவது இதுவே. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருப்பின், இம்மாதத்திலேயே ஒருநாள் உங்கள் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தனியே அனுப்பாதீர்கள். தம் சோர்வைத் தாமே விளக்கிச் சொல்லும் சக்தி அவருக்கு இல்லாதிருக்கலாம். நீங்கள் அருகிருந்து சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, எவ்வளவு மெலிந்தார், என்ன உண்கிறார் என்று முன்னதாகவே குறித்து எடுத்துச் செல்லுங்கள். முன்பே பார்த்துவிட்டோம் என்றால் மறுமுறையும் பாருங்கள். வலியவரின் கணக்கால் அவரை அளக்காதீர்கள். அவருடைய விரலே அவருக்கு அளவு.

மருத்துவர் எல்லாம் பார்த்துவிட்டு, தீராத நோய்தான் என்று சொல்லிவிடுவதும் உண்டு. அப்போதும் நம் வேலை முடிவதில்லை. துணிமூட்டை மேல் சாய்ந்திருக்கும் நோயாளியின் தோளைப் பிடித்துக் கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று எழுதினாரே சுன் சிமியாவ், அந்த ஆளாக இருக்க வைத்தியம் கற்றிருக்க வேண்டியதில்லை. நலிந்தவரின் முதுகில் அவர் கைக்கு எட்டாத இடம் நம் கைக்கு எட்டும்.